பொறியும் இல்லை, சரமும் இல்லை: புற்றுநோய் பரவும் படம் பற்றி

புற்றுநோய் பரவுவதை விளக்க ஒரே படம்தான் எல்லா இடத்திலும் ஓடுகிறது. வாட்ஸ்அப் வீடியோ, விழிப்புணர்வு போஸ்டர், வார இதழ்க் கட்டுரை, எதை எடுத்தாலும் அதே கதை. உருண்டையாக ஒரு கட்டி. அதிலிருந்து ஒரே ஒரு செல் கழன்று ரத்தக் குழாய்க்குள் விழுகிறது. மிதந்து போய் நுரையீரலிலோ கல்லீரலிலோ ஒட்டிக்கொள்கிறது. அங்கே இன்னொரு கட்டி.

இந்தப் படத்தின் மேல் எனக்கு இரண்டு புகார். ஒன்று, இது பாதிதான் உண்மை. இரண்டு, எங்கள் விருதுநகர், சிவகாசிப் பக்கம் இது ஏற்கெனவே இருக்கும் ஒரு பயத்தோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. மருந்து உராய்ந்து ஒரு பொறி பறந்தால் மொத்த அறையும் தரைமட்டம் என்று தெரிந்த ஊர் இது. 'ஒரு செல் கழன்றால் போதும்' என்றதும் மனசு பொறியைத்தான் நினைக்கும். "கட்டிய சும்மா விட்டா அது பாட்டுக்குக் கிடக்கும், ஊசி குத்திச் சதை எடுத்தா கெளறி விட்ட மாதிரி ஆயிரும்" என்ற பேச்சுக்கு இந்தப் படம் ஆதாரம் போல ஆகிவிடுகிறது.

ஒற்றைச் செல் எங்கிருந்து வந்தது? 1889-ல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பாஜெட் 'விதையும் மண்ணும்' என்ற உவமையை லான்செட் இதழில் முன்வைத்தார். மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பேரின் பதிவுகளை அலசி, நோய் கண்ட இடத்தில் பரவுவதில்லை, சில உறுப்புகளில்தான் அதிகம் பிடிக்கிறது என்று காட்டினார். எந்த மண்ணில் முளைக்கும் என்பதே அவர் கேள்வி. விதை தனியா, கொத்தா என்பது கேள்வியே இல்லை. விதை என்றதும் ஒற்றை விதையைக் கற்பனை செய்துகொண்டது பின்னால் வந்தவர்கள்தான்.

பாடப்புத்தகம் அதற்கு ஒரு வழிமுறையும் தந்தது. நம் உறுப்புகளின் மேலுறைச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. அந்தப் பசையில் முக்கியமானது ஈ-கேடெரின் என்ற புரதம். பசை போனால் செல் தனியாக நகரும் வகைக்கு மாறும், பரவும். என்னைப் போல கோடு எழுதுகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இது ஒரு பூலியன்: ஒட்டு உண்டு, அல்லது இல்லை.

2013-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று இந்த மாற்றத்தை ஆளும் மரபணுச் சுற்றைக் கணித மாதிரியாக்கிப் பார்த்தது. நிலையான நிலைகள் இரண்டல்ல, மூன்று கிடைத்தன. நடுவில் இருப்பது கலப்பு நிலை: செல் ஒட்டியும் இருக்கும், நகரவும் செய்யும். அந்தக் குழுவில் இருந்த மோஹித் குமார் ஜாலி இப்போது பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி-யில் இதையே தொடர்கிறார்.

கணக்கு மட்டுமல்ல, சோதனையும் அதே பக்கம்தான் காட்டியது. அதே 2013-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கெவின் சியுங், ஆண்ட்ரூ எவால்ட் குழு மார்பகக் கட்டித் துணுக்குகளை கொலாஜன் ஜெல்லில் வைத்துக் கவனித்தது. செல்கள் கோவையாக, விரல் நீட்டுவது போல முன்னேறின. முன்னால் போகும் செல்களில் கெரட்டின்-14 என்ற புரதம் இருந்தது. அதை முடக்கியதும் கோவை நகரவில்லை.

2014-ல் நிக்கோலா அசெட்டோ, ஷியாமளா மகேஸ்வரன், டேனியல் ஹேபர் ஆகியோரின் பாஸ்டன் குழு ரத்தத்தில் ஓடும் செல் கூட்டங்களை ஆராய்ந்தது. அவை ரத்தத்துக்குள் வந்தபின் சேர்ந்தவை அல்ல, கட்டியிலிருந்தே கூட்டமாகக் கிளம்பியவை. அரிதானவைதான், ஆனால் புதுக் கட்டி உண்டாக்கும் திறன் தனிச் செல்லைப் போல 23 முதல் 50 மடங்கு. 2019-ல் வீணா பத்மநாபன், எவால்ட் குழு நேச்சர் இதழில் எழுதியது இன்னும் ஆச்சரியம்: பல மார்பகப் புற்றுநோய் மாதிரிகளில் ஈ-கேடெரினை நீக்கியதும் செல்கள் சுற்றுத் திசுவுக்குள் நுழைவது கூடியது, ஆனால் வழியிலேயே செத்தன, பரவல் குறைந்தது. பசை வெறும் கட்டுப்பாடு இல்லை, உயிர்க்கவசமும்தான்.

சிவகாசிக்காரனுக்கு இங்கே சரவெடி ஞாபகம் வரும். ஆனால் ஆயிரம் வாலாவில் ஒன்று வெடித்து அடுத்ததுக்கு நெருப்பைக் கொடுத்துவிட்டு முடிந்துபோகும். செல் கூட்டத்தில் அப்படியில்லை. முன்னால் போவது இழுக்கிறது, பின்னால் வருவது பிடித்துக்கொள்கிறது, எல்லாம் சேர்ந்தே இடம் மாறுகின்றன. ஆகவே அந்த உவமையும் வேண்டாம்.

புதுக் கதையையும் அப்படியே விழுங்கக்கூடாது. 50 மடங்கு என்பது எலிகளில் கிடைத்த கணக்கு. ஒரு நோயாளியின் ஆபத்து 50 மடங்கு என்று அதற்கு அர்த்தமில்லை. மார்பகப் புற்றுநோயிலேயே லோபுலர் என்ற வகையில் பெரும்பாலும் ஈ-கேடெரின் இருப்பதில்லை. செல்கள் தனித்தனியாக ஒற்றை வரிசையில் ஊடுருவுகின்றன, அதுவும் பரவத்தான் செய்கிறது. டிகாக்சின் என்ற பழைய இதய மருந்து கூட்டங்களைச் சிறிதாக்குமா என்று சுவிட்சர்லாந்துக் குழு பார்த்தது. 2025-ல் வந்த முடிவில் 9 நோயாளிகளுக்குக் கூட்டத்தின் அளவு சராசரியாக 2.2 செல் குறைந்தது. நோய் பரவுவது குறைந்ததா என்று அந்தச் சிறு ஆய்வால் சொல்ல முடியாது. டிகாக்சின் அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் விஷம், எனவே இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போக வேண்டாம்.

மறுபடி அந்த ஊசிக்கு வருவோம். ஊசித் தடத்தில் செல் ஒட்டுவது சில உறுப்புகளில் அரிதாக நடப்பதுண்டு. எங்கே, எப்படிக் குத்துவது என்று டாக்டர்கள் யோசித்துச் செய்வது அதனால்தான். ஆனால் சதைச் சோதனை இல்லாமல் பெரும்பாலும் நோயின் வகை தெரியாது, வகை தெரியாமல் வைத்தியம் கிடையாது. பொறிக்கு வெளியிலிருந்து ஒரு உராய்வு வேண்டும். இந்தச் செல்களுக்கு அது வேண்டாம். முன்னால் ஒன்று, பின்னால் பத்து என்று கை கோத்துத் தாமே கிளம்புகின்றன. அடுத்த போஸ்டரில் வரைய வேண்டியது இதைத்தான். சும்மா விட்ட கட்டி சும்மா கிடப்பதில்லை.