சேவகம் செய்யும் கடவுளும் ஒரே ஒலையும்

இறையியல் என்றால் கடவுளைப் பற்றிய படிப்பு என்று கல்லூரியில் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். யார் வாயால், எங்கே உட்கார்ந்து பேசுகிற படிப்பு என்பதைச் சொல்வதில்லை. வேதசாஸ்திரம் என்று அதை அழைத்த காலத்திலும் இதே கதைதான். இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று வந்தது அத்வைதத்தோடும் அவதாரத்தோடும் மல்லுக்கட்டியதே தவிர, சபையில் பெரும்பான்மை யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தவர் அரவிந்த் நிர்மல். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பேசினார். அப்போது 'சூத்திர இறையியல்' என்றுதான் பெயர். பிறகுதான் தலித் இறையியல் ஆனது. சென்னை குருகுலத்தில் அதற்குத் தனித்துறையும் வந்தது. உபாகமம் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். இஸ்ரவேலர் தங்கள் நாடோடித் தகப்பனையும் எகிப்து அடிமைத்தனத்தையும் மறைக்காமல் அறிக்கையிட்டார்கள். நாமும் நம் பூர்வீகத்தைச் சொல்லியே விசுவாசத்தைச் சொல்லணும் என்றார். பேரை மாத்திக்கிட்டு, ஊரை மறைச்சுக்கிட்டு வாழப் பழகின சனத்துக்கு இது லேசான விஷயமில்லை.

அவருடைய அடுத்த அடியில்தான் சிக்கல். சேவகம் செய்வதே இந்தக் கடவுளின் இயல்பு என்றார். ஏசாயா 53இன் பாடுபடும் தாசனை மலம் அள்ளுகிறவரிடம் காணச் சொன்னார். ஆண்டையின் கடவுளைக் கீழே இறக்கியது சரி. ஆனால் மலக்கூடை புனிதமானால் அதைத் தூக்கி எறிவது எப்போது? 'சாமியே அள்ளுது, நீயும் அள்ளு'ன்னு சொல்ல ஆண்டைக்கு எவ்வளவு நேரமாகும்? 1927இல் மகாதில் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியையும் எச்சில் சோற்றையும் விடச் சொன்னார். விடச் சொன்ன அந்தக் குரல் இந்த இறையியலில் அமுங்கிப்போகிறது.

மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பேரில் பாட்டுக் கட்டியவர், துன்பத்தில் நிற்காமல் சோற்றுக்கு வந்தார். 'ஒரே ஒலை': எல்லார் சோறும் ஒரே பானையில் வெந்து, எல்லாரும் சேர்ந்து தின்பது. திருவிருந்துக்கு அவர் கொடுத்த அர்த்தம் இது. தீட்டு குடியிருக்கிற இடம் பந்தி என்பது அவருக்குத் தெரியும். 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். கடவுளுக்காக இல்லை, கூடப் பந்தியில் உட்காருபவனுக்காக. சமஸ்கிருதம் கலந்த கீர்த்தனைகளை விட்டுவிட்டு நாட்டுப்புற மெட்டில் அப்பாவு வழிபாட்டை அமைத்ததும் இதோடு சேர்ந்ததுதான். பாடுகிற சனம் வரியை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

அவர் 2005இல் காலமானார். நிர்மலைப் படித்து ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் பரட்டையின் பாட்டையும் இறையியல் நூலாக எடுத்து விமர்சிக்கலாம். ஒலையை ஊதிப் பொங்கி வைக்கிறது யாரு, கடைசியா சாப்பிடுறது யாருன்னு நம்ம பெண்கள் கேட்கிற கேள்வியிலிருந்தே அதை ஆரம்பிக்கலாம்.