சாதியை யார் சொன்னது?

"பெருசா குறி வை, உன்னை நம்பு" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். இலக்கு தெளிவாகவும் கடினமாகவும் இருந்தால் வேலை சிறக்கும் என்று எட்வின் லாக் 1968இல் எழுதியதன் எதிரொலி இது. சரிதான். ஆனால் இலக்கு வைப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை அந்த வகுப்பு கேட்பதில்லை.

பாமாவின் 'கருக்கு' (1992) கேட்கிறது. அதை வெறும் கண்ணீர்க் கதையாகப் படித்தது போதும். வேலைக்குப் போகிற நாம் அதை இலக்குகளின் கதையாகவும் படிக்க வேண்டும். தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிப் போவதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். அது ஏன் என்று அண்ணன் விளக்குகிறார். படித்தால் இந்த இழிவைத் தள்ளலாம் என்கிறார். அவள் வெறியோடு படிக்கிறாள். ஆசிரியையாகிறாள். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கக் கன்னியர் மடம் புகுகிறாள். மடமோ வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறது, நம்ம சனத்தை இளக்காரமாகப் பேசுகிறது. கொண்டுபோன இலக்குக்கு அங்கே இடமில்லை. வெளியேறுகிறார்.

கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் 2004இல் உலக வங்கிக்காக ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பள்ளி மாணவர்களிடம் புதிர்ப்பாதைகளைக் கொடுத்தார்கள். சாதி தெரியாதபோது தலித் பையன்கள் மற்றவர்களுக்குச் சமமாகத் தீர்த்தார்கள். எல்லார் முன்னாலும் சாதியைச் சொன்னதும் பின்தங்கினார்கள்.

அண்ணன் சொன்னதும் அதே சாதியைத்தான். அவர் சொன்னபோது தங்கை நிமிர்ந்தாள். யார் சொல்கிறார்கள், யாரோடு நின்று சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தன்மதிப்பு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிற சோற்றுப் பொட்டலம் அல்ல.

ஆனால் 'கருக்கு' ஓரிடத்தில் நம்மைத் தனியே விட்டுவிடுகிறது. அண்ணன் வீட்டில் இருக்கிறார். மடத்தில் அப்படி ஓர் அண்ணன் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார்: "கோட்டாவா?" இரண்டு வருஷம் துறைத் தேர்வுக்கு மனுப் போடவில்லை. என்னால் ஆகாது என்று நானே முடிவு செய்திருந்தேன். எங்கள் ஊழியர் சங்கத்து அக்காதான் படிவத்தைக் கையில் திணித்தார்: "எழுது புள்ள. கோட்டா நம்ம உரிமை. அந்த நாற்காலில நம்மாளு ஒருத்தர் உக்காரணும்."

அதே கோட்டா. அதே நான். எழுதினேன்.

இனி யாராவது "உங்க ஆளுங்களுக்குத் தன்னம்பிக்கை பத்தாது" என்றால், திருப்பிக் கேளுங்கள்: எங்களை எடுத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்?