6.8-ஐ எழுதலாமா?

கல்லூரி மதிப்பெண்ணை ரெஸ்யூமில் போடுவதா வேண்டாமா என்று கேட்டால், இணையத்தில் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: நல்லா இருந்தா போடு, இல்லாட்டி விட்டுடு. நாலுக்கு 3 அல்லது 3.5-க்கு மேல் இருந்தால் எழுது என்று அமெரிக்கக் கல்லூரிகள் தம் மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு, கடல் கடந்து நம்மூருக்கு வந்த வடிவம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கெங்குவார்பட்டியிலிருந்து கிளம்புகிற ஒரு பட்டதாரிக்கு இது பாதிதான் பொருந்தும். மீதிப் பாதி அவரைத் தடுமாற வைக்கும்.

கெங்குவார்பட்டி பெரியகுளம் வட்டத்தில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. விவசாய ஊர். இங்கிருந்து ஒரு பெண் பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரிக்கோ, ஒரு பையன் போடி அரசு பொறியியல் கல்லூரிக்கோ போய்ப் படித்து முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை தேடுவது கோவையிலும் சென்னையிலும் பெங்களூருவிலும். இவர்களில் பலர் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக் கட்டணச் சலுகையில் படித்த முதல் தலைமுறை. பெங்களூருவில் ஒரு கம்பெனியில் மாமா இருக்கிறார், அவர் ரெஃபரல் கொடுப்பார் என்கிற வசதி இவர்களுக்குக் கிடையாது. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் சம்பளமில்லாமல் இன்டர்ன்ஷிப் செய்ய நகரத்தில் தங்க வேண்டும், தங்கச் செலவாகும்.

இப்படிப்பட்டவரின் ரெஸ்யூமிலிருந்து மதிப்பெண் வரியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? பெயர், அப்பா பெயர், ஊர், கடின உழைப்பாளி என்று எல்லாரும் எழுதும் ஒரு வாக்கியம். ‘மார்க் பார்க்காதே, திறமையைப் பார்’ என்கிற முழக்கம் சமத்துவம் போல ஒலிக்கிறது. மார்க்கைத் தவிர வேறு எதையாவது காட்ட முடிந்தவருக்குத்தான் அதனால் லாபம். அறிமுகமோ ஆங்கிலமோ பெரிய கல்லூரியின் பெயரோ இல்லாதவரிடம், முன்பின் தெரியாத ஒருவர் போட்ட மதிப்பெண் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியையும் விலக்கச் சொல்வதை என்னால் முற்போக்கு என்று ஏற்க முடியவில்லை.

நம்மூர் நிலைமையில் விட்டுவிடுவது என்பதே பெரும்பாலும் நடக்காத காரியம். டிசிஎஸ் போன்ற நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும்போது பத்து, பன்னிரண்டு, பட்டம் என ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் அல்லது பத்துக்கு 6 சிஜிபிஏ கேட்டு வந்திருக்கின்றன. மாணவர் வாயில் இது ‘த்ரூஅவுட் சிக்ஸ்டி’. ஆன்லைன் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ரெஸ்யூமில் மறைத்தது படிவத்தில் வெளியே வந்துவிடும். படிவமே இல்லாத இடத்திலும், மதிப்பெண் இல்லாத ரெஸ்யூமைப் பார்க்கிறவர் ‘அரியர் வச்சிருப்பான் போல’ என்று நினைக்கவே வாய்ப்பு அதிகம். 6.8-ஐ மறைத்தால் படிப்பவர் மனதில் அது 5.5 ஆகிவிடும்.

எதிர்வாதம் இருக்கிறது, கனமான வாதம்தான். ஜோஹோ நிறுவனம் பல ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைத் தானே தேர்வு வைத்து எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு அமர்த்துகிறது. கூகுளில் மனிதவளப் பிரிவுக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக், கல்லூரி மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறனுக்கும் தங்கள் தரவில் தொடர்பு தெரியவில்லை என்று 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அவரே, படிப்பு முடித்து உடனே வருகிறவர்களிடம் மட்டும் சிறு தொடர்பு இருப்பதாக ஒரு விலக்கு வைத்தார். ஜோஹோ மதிப்பெண்ணைப் பார்க்காமல் இருக்க ஒரு பள்ளியையே நடத்த வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் மற்ற நிறுவனங்களுக்கு மதிப்பெண் என்பது வேறு யாரோ செலவு செய்து சலித்துக் கொடுத்த மாவு. இலவசமாகக் கிடைக்கிறதை ஏன் விடுவார்கள்?

சல்லடையின் கண் ஒரே அளவில் இல்லை என்பதுதான் உண்மையான கோளாறு. ஒரு மாணவரின் சிஜிபிஏ 7.2 என்று கொள்வோம். பத்தால் பெருக்கினால் 72 சதவீதம். சிபிஎஸ்இ ஒரு காலத்தில் சொன்னபடி 9.5-ஆல் பெருக்கினால் 68.4. ஏஐசிடிஇ கையேட்டின் கணக்குப்படி 0.75 கழித்துப் பத்தால் பெருக்கினால் 64.5. ஒரு நிறுவனம் 65-ல் கோடு போட்டிருந்தால், அதே பையன் இரண்டு சூத்திரத்தில் உள்ளே, ஒன்றில் வெளியே. போதாததற்கு அகமதிப்பீடு வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் எழுத்துத் தாள்களுக்கு அது நூற்றுக்கு 20. 2021 விதிமுறையில் 40. தன்னாட்சிக் கல்லூரியில் கேள்வித்தாளும் திருத்துவதும் கல்லூரியின் கையில். அடுத்தடுத்த கல்லூரிகளின் 8.1-ம் 7.4-ம் ஒப்பிடத்தக்கவை என்று ஆளெடுக்கும் மென்பொருள் மட்டுமே நம்பும்.

மதிப்பெண்களை ஒரே தராசில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பெரிய அளவிலேயே செய்து பார்த்தது. ஆசிரியர் நியமனத்தில் 2012-ல் வந்த வெயிட்டேஜ் முறைப்படி, பட்டதாரி ஆசிரியருக்குத் தகுதித் தேர்வுக்கு 60, மீதி 40-ல் பன்னிரண்டாம் வகுப்புக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15. முன்பு படித்தவர்கள் கொதித்தார்கள். அவர்கள் காலத்தில் பிளஸ் டூவில் ஆயிரத்தைத் தொடுவது ஊரே பேசும் சேதி. பின்னால் அது சாதாரணமானது. இருவரையும் ஒரே கணக்கில் வைத்தால், திறமை ஒன்றாக இருந்தாலும் மூத்தவர் தோற்பார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2016-ல் முறை செல்லும் என்று தீர்ப்பானது. இருந்தும் 2018-ல் அரசே அதைக் கைவிட்டு, தனிப் போட்டித் தேர்வு என்று அறிவித்தது. சட்டத்தில் நின்ற முறை நடைமுறையில் நிற்கவில்லை.

இன்று அதே சிக்கலில் மாட்டுவது ‘கொரோனா பேட்ச்’. 2021-ல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது. தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். அதே ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டிலிருந்து 30 சதவீதம் எடுத்துக் கூட்டிப் போட்டார்கள். ‘த்ரூஅவுட் சிக்ஸ்டி’ கேட்கும் படிவம் இதையெல்லாம் அறியாது. இந்தப் பிள்ளைகள் ஏதோ ஓர் எண்ணை இட்டு நிரப்பக் கூடாது; ‘2021, தேர்ச்சி, மதிப்பெண் வழங்கப்படவில்லை’ என்று ரெஸ்யூமிலேயே எழுதிவிட வேண்டும். சரிபார்ப்பில் சிக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

59.6-ஐ 60 ஆக்கும் வழக்கத்துக்கும் இதே பதில்தான். 59.99 என்றாலும் அது 60-க்குக் கீழ்தான் என்று வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் தன் அறிவிக்கையில் அச்சிட்டே சொல்கிறது. பத்துக்கு எவ்வளவு, எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்பதோடு சேர்த்து மூல எண்ணை எழுதுவதே சரி; சதவீதம் கேட்டால் பல்கலைக்கழகம் சொன்ன சூத்திரத்தையும் பக்கத்தில் போடலாம். அரியர் இருந்து முடித்திருந்தால் ‘தற்போது அரியர் இல்லை’ என்ற சொற்கள் போதும், வரலாறு தேவையில்லை. கடைசி இரண்டு செமஸ்டரில் ஏறியிருந்தால் அதைத் தனியாகக் காட்டலாம், 6.8 மொத்தத்துக்குள் 8 ஒளிந்திருப்பது உண்டு.

உள்ளூர் வேலைக்கு இந்தக் கவலையெல்லாம் தேவையில்லை. தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலையின் கணக்குப் பிரிவிலோ போடியின் ஏலக்காய் வியாபாரியிடமோ சிஜிபிஏ என்றால் முகத்தைத்தான் பார்ப்பார்கள். டேலி தெரியுமா, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுப் பழக்கமா, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். அந்த மூன்றாவது கேள்வியின் அநியாயத்தைவிட மதிப்பெண்ணின் அநியாயம் சிறியது.

மதிப்பெண் வரியை எத்தனை நாள் வைத்திருப்பது? இரண்டு வருட வேலை அனுபவம் வந்ததும் அந்த வரி தானாகக் கீழே இறங்கலாம், பிறகு போகலாம். ஒரு கூட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது. பட்டம் முடித்ததும் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வேலை தேடுகிற பெண்களுக்கு இடையில் காட்ட எதுவுமில்லை என்று அவர்களே நம்புகிறார்கள். ஆகவே பத்து வருடத்துக்கு முந்தைய 78 சதவீதத்தை முதல் வரியில் பெரிதாகப் போடுகிறார்கள். அதே பெண் அந்தப் பத்து வருடமும் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுத்திருப்பார், மகளிர் குழுவின் கணக்கு நோட்டை எழுதியிருப்பார். அது சம்பள வேலை இல்லையே என்று பயோடேட்டாவில் ஏறுவதே இல்லை. 78 இருக்கட்டும், ஆண்டோடு, கீழே. மேலே அந்த டியூஷனும் கணக்கு நோட்டும் வரட்டும்.