செல்லாத ஓட்டு எங்கே போனது? இ.வி.எம். பற்றி ஒரு யூஸர் இன்டர்ஃபேஸ் விமர்சனம்

முதல்லயே சொல்லிடறேன். வாக்குப்பதிவு இயந்திரத்தை ஹேக் பண்ண முடியுமா முடியாதா என்ற சண்டைக்கு இது இடமில்லை. இருபது வருஷமா சாஃப்ட்வேர்ல ஸ்க்ரீன் வரைஞ்சு, யூஸர்கிட்ட திட்டு வாங்கி, திரும்ப வரையறவன் நான். அந்தக் கண்ணோட மட்டும் இந்தப் பெட்டியைப் பார்க்கிறேன்.

காரணம் அம்மா. 2024 ஏப்ரல் 19, கெங்கவல்லியில் எங்க பூத். ஓட்டுப் போட்டுட்டு வந்தவங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேசல. காபி குடிக்கும்போதுதான் சொன்னாங்க: "சின்னத்தைப் பார்த்துதான்டா கையை வெச்சேன். விரல் அடுத்த வரிசைக்குப் போயிடுச்சு. மறுபடி சரியானதை அமுக்கினேன், ஒண்ணும் ஆகல. சத்தம் வந்துச்சு, வந்துட்டேன்."

யாருக்குப் போட நினைச்சாங்க, யாருக்குப் போச்சுன்னு நான் கேட்கல. ஆனா அந்த ஓட்டு எண்ணிக்கையில் நல்ல ஓட்டாகத்தான் சேர்ந்திருக்கும். இதுதான் என்னை உறுத்துது.

நியாயமா பார்த்தா, நம்ம நாட்டில் இவ்வளவு பொறுமையா மறுபடி மறுபடி திருத்திச் செய்யப்பட்ட இன்டர்ஃபேஸ் வேற எதையும் எனக்குச் சொல்லத் தெரியல. 1979-ல ஹைதராபாத் இ.சி.ஐ.எல். ப்ரோட்டோடைப் செஞ்சது. 1980 ஆகஸ்டில் கட்சிகளுக்குச் செய்து காட்டினாங்க. 1982 மே மாதம் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மட்டும் வெச்சுப் பார்த்தாங்க. பைலட் டெஸ்டிங் என்று நாம சொல்றது இதைத்தான். அந்தத் தேர்தலில் சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயிக்க, தோற்ற ஏ.சி.ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்தச் சாவடிகளில் மறுபடி சீட்டில் ஓட்டுப் போட்டாங்க, இந்த முறை ஜோஸ் ஜெயிச்சார். பைலட் டெஸ்டுக்கு இவ்வளவு விலை கொடுத்த ப்ராஜெக்ட் நான் பார்த்ததில்லை.

1988-ல சட்டத்தைத் திருத்தினாங்க. பெட்டியின் வடிவமைப்பில் ஐ.ஐ.டி. பம்பாயின் இண்டஸ்ட்ரியல் டிசைன் சென்டரைச் சேர்ந்த ஏ.ஜி.ராவ், ரவி பூவையா இருவருக்கும் பங்கு உண்டு. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க வந்துச்சு, 2004-ல நாடு முழுக்க. அப்புறம் பட்டன் பக்கத்தில் பிரெய்ல் எண், 2013-ல நோட்டா, 2015-ல வேட்பாளர் போட்டோ. விவிபேட் பெட்டியை 2011-ல லே, ஜெய்சால்மர், சிரபுஞ்சி, டெல்லி, திருவனந்தபுரம் என்று குளிர், வெயில், மழை எல்லாத்திலும் வெச்சுப் பார்த்தாங்க. திருத்தி மறுபடி சோதிச்சு, 2013-ல நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில்தான் நிஜமா இறக்கினாங்க. பல கம்பெனிகள் மொபைல் ஆப்புக்குக் கூட இவ்வளவு செய்றதில்லை.

டிசைனிலும் சில இடங்கள் பிரமாதம். எல்லா பட்டனும் ஒரே அளவு, ஒரே நீலம். பெரிய கட்சி, சுயேச்சை என்ற பேதம் இல்லை. அதிகாரி தன் பக்கத்துப் பெட்டியில் "பேலட்" பட்டனை அமுக்கினாத்தான் உள்ளே பச்சை விளக்கு எரியும். ஒருத்தருக்கு ஒரு ஓட்டு. நிமிஷத்துக்கு நாலைஞ்சு ஓட்டுக்கு மேல பதிவாகாது. பூத்தைப் பிடிக்கிறவனுக்கு அவசரம், பெட்டிக்கு அவசரமே இல்லை.

பழைய சீட்டு முறை சொர்க்கம்னு நான் சொல்ல வரல. 1996-ல மொடக்குறிச்சியில் 1033 பேர் நின்னாங்க. வாக்குச்சீட்டைப் புத்தகமாத்தான் அச்சடிக்க முடிஞ்சுது. (பெட்டிக்கும் இந்தச் சோதனை வராம இல்லை. பக்கத்திலேயே ஈரோடு கிழக்கில் 2023 இடைத்தேர்தலுக்கு 77 பேர் நிற்க, மறைப்புக்குள்ள அஞ்சு பெட்டியை வரிசையா வெச்சாங்க. எந்தப் பெட்டியில நம்ம ஆள் இருக்கார்னு தேடறதே ஒரு வேலை.) சீட்டை மடிக்கும்போது மை எதிர்ப்பக்கம் ஒட்டிக்கும். முத்திரை ரெண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் விழும். அதெல்லாம் செல்லாத ஓட்டு.

அந்தச் செல்லாத ஓட்டில்தான் விஷயம் இருக்கு. அது குப்பை மட்டும் இல்லை, எரர் லாக். இத்தனை பேர் குழம்பினாங்கன்னு ஒவ்வொரு எண்ணிக்கையிலும் தானாகவே ஒரு கணக்கு வந்துட்டிருந்தது. இயந்திரம் வந்ததும் பட்டனில் போடுற ஓட்டில் செல்லாததே இல்லாம போச்சு; அதைச் சாதனையா சொல்றாங்க. மை ஒட்டி வீணான ஓட்டுகளைப் பொறுத்தவரை அது சாதனைதான். ஆனா கை தவறினவங்களோட பிழை காணாம போகல, இன்னொருத்தருக்கு விழுந்த நல்ல ஓட்டா உருமாறிடுச்சு. லாகை அழிச்சுட்டு பக்கே இல்லைன்னு ரிலீஸ் நோட்ஸ் எழுதற மாதிரி.

அமெரிக்காவில் 2000-ல் ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்க. வயசானவங்களுக்கு எழுத்து பெரிசா இருக்கட்டும்னு நல்ல எண்ணத்தில் பெயர்களை ரெண்டு பக்கமும் விரிச்சு, ஓட்டைகளை நடுவில் வெச்சாங்க. அல் கோருக்குப் போட நினைச்ச பலர் புக்கானனுக்குத் துளை போட்டாங்க. ரெண்டு துளை போட்டதால் செல்லாமல் போனவை மட்டும் 19,000-க்கும் மேலே. தப்பு தப்பாகவே அட்டையில் இருந்ததால்தான் அதை எண்ண முடிஞ்சுது.

இன்னொன்னும் தொலைஞ்சு போச்சு: அன்டூ. 1961-ன் தேர்தல் நடத்தை விதிகளில் 41-ஆவது விதி, சீட்டைக் கவனக்குறைவா பாழாக்கினவர் அதைத் திருப்பிக் கொடுத்து, அதிகாரிக்குத் திருப்தியா விளக்கினா வேற சீட்டு வாங்கலாம்னு சொல்லுது. பெட்டியில் பட்டனை விட்டா அவ்வளவுதான். விவிபேட் சீட்டு தப்பா காட்டினா புகார் கொடுக்க 49எம்ஏ விதி இருக்கு; எழுதிக் கொடுக்கணும், சோதனை ஓட்டுப் போட்டுப் பார்ப்பாங்க, பொய்னு தெரிஞ்சா வழக்கு. அது மெஷின் தப்பு பண்ணினா. நான் தப்பா அமுக்கிட்டேன்னு சொல்ற அம்மாவுக்கு அதில் இடமில்லை. விவிபேட் ஏழு விநாடி சீட்டைக் காட்டுது, ஆனா காட்டறது முடிஞ்சு போனதை. அதுவும் பட்டன் ஒரு பெட்டியில, சீட்டு பக்கத்துப் பெட்டியில. விரல் இருக்கிற இடத்திலேதான் கண்ணும் இருக்கும்.

அப்ப "உறுதியா?"ன்னு கேட்கற ரெண்டாவது பட்டன் வெச்சிடலாமா? நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். ஆனா பாதிப் பேர் முதல் பட்டனோட திரும்பி வந்துட்டா, தப்பா விழற ஓட்டுக்குப் பதில் விழாத ஓட்டு. எது மேல்னு உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாது, வெச்சுத்தான் பார்க்கணும்.

சிக்கல் என்னன்னா, ஓட்டு ரகசியம். மறைப்புக்குப் பின்னால் நிற்கிறவரை யாரும் கவனிக்கக் கூடாது, கூடாதுதான். அதனால நிஜப் பயன்பாட்டிலிருந்து டிசைனருக்கு எதுவும் திரும்பி வராது. இந்தப் பெட்டியின் திருத்தங்களை வரிசையா பாருங்க, பெரும்பாலும் கோர்ட், கட்சிகள், அமைப்புகள் கேட்டு வந்தவை. கை தவறினவர் எங்கே போய்க் கேட்பார்?

ஆனா மாதிரித் தேர்தலில் ரகசியம் தேவையில்லையே. தேர்தலுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் பெட்டியைக் கொண்டுவந்து செய்முறை காட்டறாங்க. எங்க பஸ் ஸ்டாண்டிலும் ஒரு தடவை பார்த்தேன். ஒரு தாத்தா தப்பா அமுக்கினார், "இப்படி இல்லைங்கய்யா"ன்னு பொறுமையா சொல்லிக் கொடுத்தாங்க. நல்ல மனுஷங்க. ஆனா அந்தத் தப்பை யாரும் ஒரு நோட்டில் குறிக்கல. "குடைக்குப் போடுங்க"ன்னு சொல்லி, நூறு பேரில் எத்தனை பேருக்கு வேற சின்னம் விழுதுன்னு எண்ணினா போதும். அறுபது வயசுக்கு மேல தனியா, ரெண்டு பெட்டி வெச்சா தனியா. வரிசைக்கு நடுவில் கோட்டைத் தடிமனாக்கி மறுபடி ஒரு நூறு பேர். செலவு ஒரு நோட்டும் பேனாவும்.

அம்மா இதெல்லாம் கேட்டுட்டு, அடுத்த தடவை இடது கை விரலைச் சின்னத்து மேல வெச்சு, அப்படியே பட்டன் வரைக்கும் இழுத்துட்டுப் போகப் போறேன்னாங்க. பால் கணக்கு நோட்டில் தேதியைப் பார்க்க அப்படித்தான் செய்வாங்களாம்.