துரியோதனனுக்கு ரன்னன் தந்த இடம்

மைசூரிலும் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியிலும் ஆங்கிலம் கற்பித்த பி.எம். ஸ்ரீகண்டையா, 1926-இல் ‘கதாயுத்த நாடகம்’ வெளியிட்டார். ரன்னனின் பழைய கன்னடக் காவியத்தைக் கிரேக்கத் துன்பியல் நாடகமாக வார்த்து, துரியோதனனை நடுவில் நிறுத்தினார். எதிர்நாயகன் பக்கம் நின்று இதிகாசம் சொல்லும் இன்றைய நாவல்களை எடைபோட, எனக்கு ரன்னன்தான் அளவுகோல்.

ரன்னன் பாடியது தன்னை ஆதரித்த சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனைப் பீமனாக்கிப் புகழ. துரியோதனனைத் தாழ்த்த எல்லாக் காரணமும் அவனுக்கு இருந்தது. ஆனாலும் போர்க்களத்தில் பிணங்களிடையே சஞ்சயனோடு துரியோதனன் நடந்துவரும் பகுதியைப் படித்துப் பாருங்கள். துச்சாதனனைக் கண்டதும், எல்லாவற்றிலும் தனக்குப் பின்னால் வந்த தம்பி சாவில் மட்டும் முந்திக்கொண்டானே என்று கதறுகிறான். எதிரியின் பிள்ளையான அபிமன்யுவின் உடலுக்குக் கைகூப்பி, அப்படியொரு வீரச்சாவு தனக்கும் வாய்க்க வேண்டுகிறான். நமக்கு நெஞ்சு அடைக்கிறது. அதற்காக அவன் செய்த பாவம் மறைந்துவிடுவதில்லை. திரௌபதியின் முடியாத கூந்தல் காவியம் நெடுகக் கணக்குக் கேட்டபடி இருக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துச் சுமப்பது பலருக்குக் கைவரவில்லை. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வந்தது. 1948-இல் தடை, 1971-இல்தான் விடுதலை. அரக்கர் என்று ஒரு மக்களையே இழித்துச் சொன்னதற்கு எதிரான அந்தக் குரல் தேவையானது, துணிச்சலானது. அதைத் தடைசெய்தது அநீதி. காவியமாகப் பார்த்தால் குறை உண்டு: இராவணன் அப்பழுக்கற்றவனாகிவிட, இராமன் முழுக் கயவனாகிறான். நிறம் இடம் மாறியதே தவிர, மனிதர்கள் வளரவில்லை.

ஆனந்த் நீலகண்டனின் ‘அசுரா’ (2012) இங்கே ஒரு படி மேல். இராவணனோடு பத்ரன் என்ற எளிய அசுரனையும் பேசவைப்பதால், அரசனின் கனவுக்குக் குடிமகன் கொடுத்த விலை தெரிகிறது. ஆனால் சீதையை இராவணனின் மகளாக்கும் பழைய மரபை அதுவும் எடுத்துக்கொள்கிறது. எனக்கு இதில்தான் பெரிய மனத்தாங்கல். மகள் என்றதும் கடத்தல் பாசமாகிவிடுகிறது. கணவனுக்கும் தகப்பனுக்கும் நடுவே நிற்கும் அந்தப் பெண்ணின் சம்மதத்தை மட்டும் இரு தரப்பும் கேட்கவில்லை. இராவணனுக்குக் குரல் கொடுக்கும் எழுத்தாளர், அசோகவனத்தில் இருந்தவளிடமும் அதே கேள்வியோடு போயிருக்க வேண்டும்.