சார்லி சேசின் பேசும் குறும்படங்கள்

சார்லி சேஸ் (20 அக்டோபர் 1893 – 20 ஜூன் 1940) அமெரிக்க நகைச்சுவை நடிகர், இயக்குநர், கதையாசிரியர். இயற்பெயர் சார்ல்ஸ் ஜோசப் பாரட். மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் பிறந்தவர். மௌனப்படக் காலத்திலும் பேசும்படத்தின் முதல் பத்தாண்டிலும் இரண்டு சுருள் குறும்படங்களில் நடித்துப் புகழ்பெற்றார். சாப்ளின், பஸ்டர் கீட்டன், லாரல்–ஹார்டி ஆகியோரை அறிந்தவர்களில் பலர் இவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். இக்கட்டுரை அவருடைய பேசும் குறும்படங்களை மதிப்பிடுகிறது. தரமான கலைஞர் ஒருவர் மறக்கப்பட்டது ஏன் என்ற கேள்வியையும் ஆராய்கிறது.

பின்னணி

மேடையில் ஆடியும் பாடியும் தொடங்கிய சேஸ் 1914-இல் கீஸ்டோன் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சாப்ளின் படங்களில் சிறு வேடங்கள் செய்தார். பிறகு தம் இயற்பெயரில் இயக்குநராகி, ஹால் ரோச் படநிறுவனத்தில் மற்ற இயக்குநர்களின் பணியை மேற்பார்வையிடும் பொறுப்பு வரை உயர்ந்தார். 1924-இல் மீண்டும் காமிராவின் முன் வந்தார். அக்காலப் படங்கள் பலவற்றை இயக்கியவர் லியோ மெக்கேரி. பின்னாளில் ஆஸ்கர் பரிசு பெற்ற மெக்கேரி, தாம் தொழில் கற்றது சேசிடம்தான் என்று கூறியிருக்கிறார்.

இவ்விருவரும் சேர்ந்து உருவாக்கிய ‘மைட்டி லைக் எ மூஸ்’ (1926) சேசின் முறையை விளக்கப் போதுமானது. கணவனுக்குத் துருத்திய பல், மனைவிக்குப் பெரிய மூக்கு. ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் சிகிச்சை செய்துகொள்கிறார்கள். புது முகத்தோடு வெளியே சந்திக்கும்போது அடையாளம் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் ஆசைப்படுகிறார்கள். துரோகம் செய்யத் துணிந்தவர்கள் இருவரும், துரோகம் செய்யப் போனதோ தத்தம் துணையோடுதான். இப்படம் 2007-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

நகைச்சுவை முறை

அடிதடி நகைச்சுவை நடிகர்களுக்குப் பெரும்பாலும் ஓர் அடையாளம் உண்டு. சாப்ளினுக்குத் தொப்பியும் கைத்தடியும். கீட்டனுக்குச் சிரிக்காத முகம். ஹரால்டு லாயிடுக்கு மூக்குக்கண்ணாடி. சேசிடம் அப்படி எதுவும் இல்லை. உயரமான, மெலிந்த, மெல்லிய மீசை வைத்த, நன்றாக உடுத்திய நடுத்தர வர்க்க மனிதர் அவர். அலுவலகம் போகிறார், திருமணம் செய்கிறார், மாமியார் வீட்டில் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்.

இந்த மனிதர் சறுக்கி விழுவதில் பெரிய சிரிப்பு இல்லை. நாலு பேர் முன்னால் மானம் போய்விடுமோ என்ற அவருடைய பயத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. ஒரு சிறு பொய்யைச் சொல்வார். அதை மறைக்க இன்னொன்று. அதற்கு மேல் ஓர் ஓட்டம், ஒரு மாறுவேடம். கடைசியில் முழங்கால் மூட்டு, கழுத்து, புருவம் எல்லாம் சேர்ந்து அவரைக் காட்டிக்கொடுக்கும். இங்கே அடி விழுவது உடம்பின்மேல் அல்ல, கௌரவத்தின்மேல்.

பேசும்படம் வந்தபோது

1929-இல் ரோச் நிறுவனம் ஒலிப்பதிவுக்கு மாறியது. சேசின் முதல் பேசும்படம் அவ்வாண்டு வந்த ‘தி பிக் ஸ்குவாக்’. மௌனப்பட நகைச்சுவையாளர் பலருக்கு ஒலி ஒரு சோதனையாக இருந்தது. குழந்தைமுகம் கொண்ட ஹாரி லாங்டன் 1929-30-இல் இதே நிறுவனத்தில் பேசும் குறும்படங்களில் நடித்தார். மௌனத்தில் கனவுபோல் இருந்த அவருடைய பாத்திரம், பேசத் தொடங்கியதும் விளங்காத முணுமுணுப்பாகச் சுருங்கியது.

சேசுக்கு நேர்மாறாக நடந்தது. அவருடைய பாத்திரம் முதலிலிருந்தே நாம் தெருவில் காணும் மனிதர்; அவர் பேசுவது இயல்பாகவே இருந்தது. மேடையில் பழகிய நல்ல பாட்டுக்குரலும் அவருக்கு இருந்தது. படங்களில் பாடினார், ஸ்பானிய மொழிப் பதிப்புகளிலும் வசனத்தை ஒலிப்படி கற்றுத் தாமே பேசி நடித்தார். பொய் சொல்பவனின் குரல் எங்கே தடுமாறும், எங்கே தேவையில்லாமல் உயரும் என்பதை அவர் அறிந்திருந்தார். மௌனப்படத்தில் கண்ணால் மட்டும் காட்டிய சங்கடத்தை இப்போது தொண்டையாலும் காட்டினார்.

மூன்று படங்கள்

‘விஸ்பரிங் ஹூபி’ (1930) படத்தில், தொழில்முறைப் பேச்சுக்கு வரும் பெரிய மனிதர்களை மகிழ்விக்கச் சேஸ் விருந்துப் பெண்களை அமர்த்துகிறார். வருபவர்களோ விறைப்பான கனவான்கள். அந்த விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒருவர்மேல் ஒருவர் சோடாத் தண்ணீர் பீய்ச்சும் போராக முடிகிறது. அடிதடி நகைச்சுவையின் பழைய கருவிதான் சோடாப் புட்டி. அதுவரை காத்த மரியாதை முழுவதும் அந்தத் தண்ணீரில் கரைந்து ஓடுவதால், பழைய கருவி புதிய பொருள் பெறுகிறது.

‘தி பிப் ஃப்ரம் பிட்ஸ்பர்க்’ (1931) அவருடைய பேசும்படங்களில் சிறந்த ஒன்று. இயக்கியவர் அவருடைய தம்பி ஜேம்ஸ் பாரட். முன்பின் பார்த்திராத பெண்ணோடு வெளியே போகும்படி நண்பன் வற்புறுத்துகிறான். முன்பு ஒருமுறை பட்ட அனுபவத்தால், அவளே தன்னை வெறுத்து ஓடவேண்டும் என்று சேஸ் சவரம் செய்யாமல், மோசமான உடையில், பூண்டு தின்றுவிட்டுப் போகிறார். அங்கே நிற்பவரோ பேரழகி தெல்மா டாட். இதுவரை கெடுத்ததையெல்லாம் அவள் கண்ணெதிரே, அவளுக்குத் தெரியாமல் சரிசெய்ய வேண்டும். முதல் பாதியில் செய்த ஒவ்வொரு குறும்புக்கும் இரண்டாம் பாதியில் வட்டியோடு கணக்குத் தீர்க்கிறார். இருபது நிமிடத்தில் இவ்வளவு கச்சிதமாகக் கதை கட்டுவது எளிதன்று.

‘ஃபாலன் ஆர்ச்சஸ்’ (1933) ஒலி இல்லாமல் எடுத்திருக்கவே முடியாத படம். இதில் சேஸ் சொல்லை அப்படியே பொருள் கொள்ளும் அப்பாவி. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பு என்ற பொருளில் முதலாளி ஒரு கொச்சைச் சொல்லைப் பயன்படுத்துகிறார். அச்சொல்லின் நேர்ப்பொருள் நடந்து போவது. உத்தரவுப்படியே சேஸ் நடக்கத் தொடங்குகிறார். நம் பேச்சில் ‘நடையைக் கட்டு’ என்றால் என்ன பொருள் என்று அறிந்தவர்களுக்கு இந்த வேடிக்கை உடனே விளங்கும். சொல்லில் பிறந்த நகைச்சுவை காலில் முடிகிறது. பேச்சு வந்ததும் உடல் நகைச்சுவை செத்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்கு இப்படம் நல்ல மறுமொழி.

உடன் நடித்தவர்கள்

சேசின் படங்களில் தெல்மா டாட்டின் பங்கு பெரிது. அழகிய கதாநாயகி ஒதுங்கி நின்று சிரிக்கும் வழக்கத்தை மாற்றி, சேசுக்குச் சமமாக நகைச்சுவையைத் தாங்கினார். 1931-இல் ஹால் ரோச் அவருக்கு ஸாசு பிட்சுடன் தனிவரிசை அளித்தார். 1933 முதல் பாட்சி கெல்லி இணைந்தார். பெண்கள் இருவரை மையமாக்கிய அடிதடிப் படவரிசை அக்காலத்தில் அரிது. டாட் 1935 டிசம்பரில் 29 வயதில் இறந்தார். தம்பி ஜேம்ஸ் பாரட் இயக்கிய லாரல்–ஹார்டி படமான ‘தி மியூசிக் பாக்ஸ்’ (1932), நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது.

குறைகள்

சேசின் படங்கள் எல்லாமே தரமானவை அல்ல. கணவன் மனைவி சந்தேகம், வேறொரு பெண்ணோடு தவறாகப் பார்க்கப்படுதல் ஆகிய இரண்டு முடிச்சுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். தொடக்ககாலப் பேசும்படங்கள் சிலவற்றில் பாட்டு வரும்போது கதை நின்றுவிடுகிறது. நச்சரிக்கும் மனைவி, கொடுமைக்கார மாமியார் போன்ற வார்ப்புகளும், பிற இனத்தவரைக் கேலிப்பொருளாக்கும் காட்சிகளும் அக்காலக் குறும்படங்கள் பலவற்றில் உண்டு. இன்று பார்ப்பவர் அவற்றைக் கண்டும் காணாமல் போகவேண்டியதில்லை.

வீழ்ச்சி

செய்திப்படம், கேலிச்சித்திரம், இரண்டு சுருள் நகைச்சுவை, பிறகு முழுப்படம் என்பது அன்றைய திரையரங்கின் நிகழ்ச்சிமுறை. பொருளாதார மந்தக் காலத்தில், ஒரே சீட்டில் இரண்டு முழுப்படம் காட்டும் வழக்கம் பரவியது. குறும்படத்துக்கு இடம் குறைந்தது. ஹால் ரோச் முழுநீளப் படத்துக்கு மாறினார். லாரல்–ஹார்டி அந்த மாற்றத்தில் பிழைத்தனர். சேசுக்காகத் தொடங்கிய முழுநீளப் படம் வெட்டப்பட்டு, 1936-இல் ‘நெய்பர்ஹுட் ஹவுஸ்’ என்ற குறும்படமாகவே வெளிவந்தது. அவ்வாண்டோடு அவர் ரோச் நிறுவனத்தை விட்டு வெளியேறினார்.

1937 முதல் கொலம்பியா நிறுவனத்தில் நடித்தார். த்ரீ ஸ்டூஜஸ் படங்கள் சிலவற்றை இயக்கவும் செய்தார். அங்கே அடிகள் பலம், ஒலி விளைவுகள் அதிகம், வேகம் மிகுதி. சங்கடம் முற்றுவதற்கு நேரம் தேவை. அந்த நேரம் அங்கே கிடைக்கவில்லை. எனினும் ‘தி ஹெக்ளர்’ (1940) படத்தில், விளையாட்டு மைதானத்தில் எல்லோரையும் கத்திக் கத்தி வதைக்கும் பார்வையாளராக வந்து தம் வழக்கமான பாத்திரத்தைத் தலைகீழாக்கினார். பிறர்முன் மானத்துக்கு அஞ்சியவர், இதில் பிறர் மானத்தை வாங்குகிறார். மதுப்பழக்கம் அவர் உடல்நலத்தைக் கெடுத்திருந்தது. தம்பி ஜேம்ஸ் 1939 மே மாதத்தில் இறந்தார். அடுத்த ஆண்டே 46 வயதில் மாரடைப்பால் சேஸ் மறைந்தார்.

மதிப்பீடு

நகைச்சுவை வரலாறு பெரும்பாலும் முழுநீளப் படங்களை வைத்தே எழுதப்படுகிறது. அந்த அளவுகோலில் சேசுக்கு மதிப்பெண் கிடைக்காது. இது சிறுகதை எழுத்தாளரை நாவல் எழுதவில்லை என்று தள்ளுவதைப் போன்றது. இருபது நிமிடம் என்பது அவருக்கு வரம்பு. அந்த வரம்புக்குள் தொடக்கம், சிக்கல், முற்றல், முடிவு ஆகியவற்றை அவர் செய்நேர்த்தியோடு அமைத்தார். தனி அடையாளச் சின்னம் இல்லாததும் அவருக்கு எதிராக வேலை செய்தது. தொப்பியையும் கைத்தடியையும் வரைந்தால் குழந்தைகூடச் சாப்ளின் என்று சொல்லிவிடும். சேசை வரைந்தால் யாரோ ஒரு குமாஸ்தா என்றுதான் தோன்றும்.

அந்த ‘யாரோ ஒருவர்’தான் பின்னாளில் தொலைக்காட்சிக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் மைய மனிதரானார்: சிறு பொய்யால் பெரிய வம்பில் மாட்டும் கணவர், மேலதிகாரி முன் வழியும் ஊழியர். சாப்ளினின் நாடோடியை நாம் தூரத்திலிருந்து நேசிக்கிறோம். சேசின் மனிதரைப் பார்க்கும்போது, நேற்று நாம் யாரிடமோ சொன்ன சாக்கு நினைவுக்கு வருகிறது. சேசை முதன்முதலாகப் பார்க்க விரும்பும் மாணவர்கள் ‘மைட்டி லைக் எ மூஸ்’, ‘தி பிப் ஃப்ரம் பிட்ஸ்பர்க்’ இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஒலி வருவதற்கு முன்னும் பின்னும் ஒரே கலைஞர் தம் கலையை எப்படிக் காத்துக்கொண்டார் என்பது அப்போது தெளிவாகும்.