தனிமை என்றொரு ஊர்

ஸ்வீடனின் வடபகுதியில், லாப்லாந்தில், ஸ்டோருமன் வட்டாரத்தில் ஒரு சிற்றூர். சில வீடுகள், வசிப்பவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உறவு. ஊரின் பெயர் என்ஸாம்ஹேத்தன். அந்த மொழியில் தனிமை என்று பொருள். இந்த ஊர்ப் பெண்ணான ஹைடி ஆண்டர்ஸன் (பிறப்பு 1981) கை மல்யுத்தத்தில் 11 முறை உலகப் பட்டம் வென்றவர். அவரைப் பற்றி லிஸா முன்தே, ஹெலன் ஆல்ஸன் இருவரும் சேர்ந்து இயக்கிய விவரணப் படம் 2004ல் வெளிவந்தது. ஊர்ப் பெயரைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

நம்மில் பலருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். தனிமை, பனி, பெண், மேஜைமேல் சாயும் ஒரு கை. படத்தைப் பார்க்காமலே ஒரு கவிதையோ, கவிதையைப் போன்ற ஒரு கட்டுரையோ எழுதிவிடலாம். நானும் அரைப் பக்கம் எழுதினேன். படம் பார்த்த பிறகு கிழித்துப் போட்டேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு டிக்கெட் எடுக்கிறவன் மோட்சத்துக்குப் போவதாக நினைத்துக்கொள்வதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கும் அது விலாசம், அவ்வளவே. நாம்தான் பிறர் விலாசத்தைப் பார்த்ததும் குறியீடாக்கி மார்பில் குத்திக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் தலைப்பை மொழிபெயர்த்தவர் தடுமாறியிருக்க வேண்டும். அந்த மொழியில் வருத்தும் தனிமைக்கு ஒரு சொல், வேண்டிப் பெறும் தனிமைக்கு இன்னொன்று. அவர் இரண்டாவதை, நம் ‘ஏகாந்த’த்துக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லை, எடுத்துக்கொண்டார். ஸ்வீடிஷ் சொல்லிலும் நம் ‘தனிமை’யிலும் இந்தப் பிளவு இல்லை, இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகளாக நம் சிறுபத்திரிகைக் கவிதையில் அது ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. தனிமை என்றால் புறக்கணிப்பு, அந்நியமாதல், ஜன்னல், சிகரெட். இதைச் சொல்லத் தெரிந்தவன் நவீனன். என்னுடைய ஆரம்ப காலக் கவிதைகளும் இந்த அனுமதிச் சீட்டைக் காட்டித்தான் உள்ளே நுழைந்தன.

இலக்கியத்தில் கை மல்யுத்தம் என்றதும் நினைவுக்கு வருவது ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ (1952). சாண்டியாகோ இளமையில், காஸாபிளாங்காவில் ஒரு மதுக்கடையில், சியென்ஃபுயேகோஸ் ஊர்க் கறுப்பரோடு ஒரு பகலும் ஓர் இரவும் கை பிணைத்து உட்கார்ந்திருக்கிறான். ஞாயிறு காலை தொடங்கி திங்கள் காலை முடிகிறது. நடுவர்கள் தூங்கப் போவதற்காக நான்கு மணிக்கொருமுறை மாறுகிறார்கள். நகக்கண்ணில் ரத்தம் கசிகிறது. பந்தயம் கட்டியவர்கள் துறைமுக வேலைக்குப் போகவேண்டும், சமமென்று விட்டுவிடலாம் என்கிறார்கள். அவர்கள் வேலைக்குக் கிளம்புமுன் அவன் முடித்துவிடுகிறான். (நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காவியத்துக்கும் ஆபீஸ் நேரம் உண்டு.) பிறகு சில போட்டிகள். அப்புறம், யாரையும் வெல்ல முடியும் என்று தெரிந்துவிட்டதாலும், மீன் பிடிக்கிற வலது கைக்கு ஆகாதென்பதாலும் விட்டுவிடுகிறான். அந்த மதுக்கடை ஆண்களின் உலகம். பெண் என்று நினைவில் நிற்பது கிழவனின் குடிசையில் உள்ள இறந்த மனைவியின் படம் மட்டுமே. அதையும், பார்த்தால் தனிமை மிகுகிறதென்று, சுவரிலிருந்து எடுத்துத் துணிக்கு அடியில் வைத்துவிடுகிறான்.

மகத்தான பக்கங்கள்தாம். ஆனால் அங்கே எதிராளி யார்? அவன் நல்லவன், பலசாலி என்பதற்கு மேல் நமக்குத் தெரிவது சொற்பம். சாண்டியாகோவின் சகிப்புத்தன்மையை அளக்க வைத்த எடைக்கல் அவன். கை மல்யுத்தம் அங்கே உவமையாக நின்றுவிடுகிறது.

ஹைடி ஆண்டர்ஸன் விளையாடுகிற விளையாட்டுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கிடையாது. பல போட்டிகள் சில விநாடிகளில் முடிந்துவிடும். முழங்கைகள் மெத்தைத் துண்டின்மேல் இருக்கவேண்டும். தூக்கினால் தவறு, இரண்டு தவறுக்குத் தோல்வி. மற்றக் கை மேஜையில் நட்ட கட்டையைப் பற்றியிருக்கும். கட்டைவிரல் கணு நடுவர் கண்ணுக்குத் தெரியவேண்டும். (1968ல் ‘பீனட்ஸ்’ சித்திரக்கதையில் ஸ்னூப்பி என்ற நாய் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவுக்குப் போட்டியிடப் போய், கட்டைவிரல் இல்லையென்று திருப்பி அனுப்பப்படுகிறது. ஏகலைவன் ஞாபகம் வரும். வரட்டும், போகட்டும்.) பிடி நழுவினால் இரண்டு கைகளையும் வாரால் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். எதிராளியின் விரல்கள்மேல் ஏறி மணிக்கட்டைத் திறப்பது ஒரு வழி; தன் மணிக்கட்டை உள்ளே வளைத்துத் தோள் பலத்தால் இழுப்பது மற்றொன்று. கை ஒரு பக்கம் போக உடம்பு மறுபக்கம் திரும்பினால் மேல்கை எலும்பு முறிந்துவிடும். ஸ்வீடிஷ் மொழியில் இந்த விளையாட்டின் பெயரிலேயே ‘முறித்தல்’ இருக்கிறது. நாம் ‘மடக்குதல்’ என்கிறோம். விவாதத்தில் மடக்குவது நமக்குக் கைவந்த கலை. அதற்கு எதிராளி எதிரில் இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

இங்கே அவசியம் இருக்கிறது. நடுவர் குரல் கொடுக்குமுன்பே, விரல்கள் பொருந்தும் அந்தக் கணத்தில், மற்றவளின் உத்தேசத்தை உள்ளங்கையால் படித்தாக வேண்டும். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு பெண்கள் இவ்வளவு கவனத்தோடு கை பற்றிக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் உலகில் அதிகமில்லை. தனியாகச் செய்ய முடியாத காரியம் இது. சிறு ஊரில் பயிற்சிக்கு வேறு யார்? உறவினர் கைகள்தாம். தனிமை என்று பெயருள்ள ஊரில் அந்தக் குடும்பம் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தது.

பிறகு அந்த 11. முதல் பட்டத்தைக் கதையாக்க முடியும். நான்காவதையோ ஒன்பதாவதையோ என்ன செய்வது? சாண்டியாகோ விட்டுவிட்டதால் புராணமானான். நாமும் ஒரு தொகுதியோடு எழுத்தை நிறுத்தியவர்களை, அல்லது நிறுத்தும்படி ஆனவர்களை, அந்த மௌனத்துக்காகவே கொண்டாடுகிறோம். திரும்பத் திரும்ப ஒரே மேஜைக்கு வந்து, ஒவ்வொரு முறையும் புதிய கையைப் பற்றிச் சரியாகச் செய்துவிட்டுப் போகிறவரைப் பேச நம் விமர்சனத்தில் சொல் இல்லை. ‘உழைப்பாளி’ என்போம். நம் வாயில் அது வசவு.

அவர் கணவர் பியோர்ன் ஃபெரி, பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த விளையாட்டில் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். கை மல்யுத்தம் ஒலிம்பிக்கில் கிடையாது. ஆகவே ஒரு வீட்டில் ஒலிம்பிக் தங்கம் ஒன்று, உலகப் பட்டம் பதினொன்று. எது பெரிதென்று கேட்டால் உலகம் யோசிக்காமல் முதலாவதைச் சொல்லும். நாமும் அப்படித்தான் சொல்வோம், வேறு காரணங்களை ஜோடித்துக்கொண்டு.

தனிமைச் சிறப்புப் பகுதிக்கு ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்த கட்டுரை இதுதான். வேறு எழுதித் தருவதாக இல்லை.